அடி அண்ணாமலையில் நிற்கும் புல்லட்

மூன்று மெக்கானிக்குகளும் ஏழு மந்திரித்த எலுமிச்சம்பழங்களும் கைவிட்ட புல்லட் மோட்டார் சைக்கிளை, என் மனைவி கஸ்தூரி ஒரே ஒரு துடைப்பக் குச்சியால் பிழைக்க வைத்தாள். முக்கால் நிமிஷத்தில். அடுப்பில் பருப்பு பொங்கி வழிவதற்குள். பிழைத்த வண்டி அந்தச் சந்தோஷத்தில் அண்ணாமலையை மூன்று முறை நிற்காமல் சுற்றியது. நான்காவது சுற்றுக்கும் கிளம்பிய வண்டியை நான்தான் காதைப் பிடித்துத் திருகி வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

நம்ப மாட்டீர்கள், தெரியும். என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்று நான் சொன்னால்கூட, காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள். என் மகள் திரௌபதி. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சர்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த ரகளையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு நாலு வரி.

முப்பத்து நாலு வருஷம் கிராம சேவக்காக ஊர் ஊராகச் சுற்றி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதையும் யூரியாவும் பற்றிப் பேசியே தொண்டை தேய்ந்து, இந்தச் சித்திரையில் ஓய்வு பெற்றேன். பெற்ற கையோடு கஸ்தூரிக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். கோலார் தங்கவயலில் இருக்கும் அவள் தங்கை தனம் வீட்டுக்கு, என் புல்லட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன் என்று.

அக்காவும் தங்கையும் பேசிப் பதினொரு வருஷம். தனத்தின் பிள்ளைக்குப் பேர் வைத்த விசேஷத்தில், பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது தனம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "மாமா வண்டி கீழ்பென்னாத்தூர் மல்லாட்டைக்கெல்லாம் ஓடுது. உன்ன எங்கனா ஏத்திகினு போயிருக்குதாக்கா?"

கஸ்தூரி இலையில் கை வைக்காமல் எழுந்து வந்தவள்தான்.

"பஸ்ஸுலயே போய்ட்டு வரலாமே" என்று நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"பஸ்ஸுல போய் எறங்குனா சோத்துக்கு வந்தவ மாதிரி இருக்கும். வண்டியிலதான் போவணும். அவ வாசல்ல அந்த சத்தம் கேக்கணும்" என்பாள்.

இருபத்திரண்டு வயதான அந்த வண்டி, தகரம் தேய்ந்தாலும் தைரியம் தேயாதது. ஆனால் இந்த ஆயுத பூஜைக்குப் பிறகு அதற்கு ஒரு வினோத வியாதி வந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது சிங்கம். சரியாக, திருவண்ணாமலை மலை சுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலை வந்ததும் இரண்டு இருமல், ஒரு விக்கல், அவ்வளவுதான், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் எதுவுமே நடக்காதது மாதிரி ஓடும்.

"நடு ரோட்ல நிக்கற வண்டிய வெச்சிகினு கிருஷ்ணகிரி வழியா போறேன்றீங்களே, பின்னாடி லாரி வந்தா?" என்று திரௌபதி கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. போளூர் மண்டிக்காரர் ராஜேந்திரனிடம் வண்டியை விற்கவும் பேசி முடித்துவிட்டாள். ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை நானும் கஸ்தூரியும் மலையை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். எங்கும் நிற்காமல் வந்தால் தங்கவயல். நின்றால், சாயங்காலம் நாலு மணிக்கு ராஜேந்திரன் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

காலை ஐந்து மணிக்கே கிணற்றடியில் கோணிப்பையை விரித்துவிட்டேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். கார்புரேட்டரைப் பிரித்து பெட்ரோலில் குளிப்பாட்டினேன். பாயிண்ட் இடைவெளியைப் பார்த்தேன், பெட்ரோல் குழாயை ஊதினேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். இதையெல்லாம் ஏற்கெனவே நான் நாலு தடவை செய்திருந்தேன். தேரடிப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் காசியும் இரண்டு தடவை செய்துவிட்டு, "சார், வண்டில ஒண்ணுமில்ல. அதுக்கு மனசுலதான் ஏதோ கொறை" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனவன்தான்.

கடைசியாக வண்டி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பொட்டை மட்டும் தொடவில்லை.

போன வருஷம் வரை கஸ்தூரி முகப்பு விளக்கின் நெற்றியில்தான் பொட்டு வைப்பாள். இந்த ஆயுத பூஜையன்று விளக்கு காசியின் ஷெட்டில் ரிப்பேருக்குப் போயிருந்தது. நெற்றி இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? பெட்ரோல் டாங்கின் வட்ட மூடிதான் உச்சந்தலை மாதிரி இருக்கிறதென்று அங்கே வைத்தாள். அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி அதன் மேலேயே ஒன்று. சந்தனத்துக்கு மேல் குங்குமம், குங்குமத்துக்கு மேல் சந்தனம். இப்போது அது ஓர் உளுந்து வடை அளவுக்கு உப்பிக் காய்ந்து கல்லாகியிருந்தது. பரீட்சை நாளாயிற்றே என்று அன்றும் ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினாள்.

"நைனா, நான் பஸ்ல முன்னாடி போறேன்" என்றாள் திரௌபதி. "அடி அண்ணாமலை டீக்கடைல நிப்பேன். நீங்க என்னைத் தாண்டிப் போவணும். அவ்ளோதான்."

"தாண்டறதா? நீ பாக்கறதுக்குள்ள வண்டி பறந்துடும். கண்ணச் சிமிட்டாம நில்லு."

அவள் சிரிக்கவில்லை.

பத்தரை மணிக்கு டாங்கில் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். செங்கம் ரோட்டில் வண்டி போன சத்தத்துக்கு மலையில் இருந்த மயில்கள் எல்லாம், ஏதோ பெரிய மயில் வருகிறதென்று பதில் குரல் கொடுத்தன. கஸ்தூரி என் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் வேண்டிக்கொண்டிருந்தது முதுகில் சூடாகத் தெரிந்தது.

அடி அண்ணாமலை வந்தது. டீக்கடை தெரிந்தது. வாசலில் மகள் தெரிந்தாள். இன்னும் ஐம்பது அடி.

இரண்டு இருமல். ஒரு விக்கல்.

"வந்துடுச்சிடா சாமி!" என்று கடையிலிருந்து ஓடி வந்தாள் தங்கம்மாள். டீக்கடைக்காரி. வண்டி பக்தியால்தான் அங்கே நிற்கிறது என்பது அவள் தீர்மானம். கட்டிய ஏழு எலுமிச்சம்பழமும் அவள் உபயம். "எங்க ஊர் சாமிய தாண்டிப் போவுமா அது? தேங்கா எடுத்தாரட்டா?"

நான் வழக்கம்போல டாங்க் மூடியைத் திருகித் திறந்து பார்த்தேன். 'ஸ்ஸ்' என்றது. பெட்ரோல் தளும்பிக்கொண்டிருந்தது. மூடினேன். உதைத்தேன். சிங்கம்.

"பாத்தியா துரோபதி, ஒரே உதை!"

"நின்னுச்சா இல்லியா நைனா?"

"நிக்கறதா? சும்மா மூச்சு வாங்கிச்சி."

"கால கீழ வெச்சீங்களா இல்லியா?"

அதற்கு என்னிடம் பொய் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

"வண்டிய விக்கணும்னு எனக்கு ஆசையா நைனா?" என்றாள் திரௌபதி. "அம்மா இந்த வண்டில உக்காந்து போவறதப் பாக்க எனக்கும் ஆசைதான். இங்க மாடு மேயுது, நின்னா பரவால்ல. அங்க லாரிங்க. எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேருதான்."

கஸ்தூரி கீழே இறங்கி, டாங்கின் மேல் கை வைத்தாள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி. "நாலு மணிக்குத்தான வர்றாரு? வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றாள். தங்கவயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பி வரும்போது வண்டி அருமையாக ஓடிற்று. துரோகி.

மத்தியானம் பன்னிரண்டு மணி. திரௌபதி பஸ் கிடைக்காமல் இன்னும் வந்து சேரவில்லை. கஸ்தூரி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, "எண்ண டின்ன ஒடைச்சிக் குடுங்க" என்றாள். கீழ்பென்னாத்தூர் செக்கிலிருந்து வந்த பெரிய மல்லாட்டை எண்ணெய் டின். ஆணியும் சுத்தியும் எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்திச் சரித்தேன். என் யோசனை எங்கோ இருந்தது. எண்ணெய் ஒரு மடக்கு விழுந்தது. நின்றது. 'குபுக்' என்று இன்னொரு மடக்கு. நின்றது.

"இன்னாங்க நீங்க? அந்தப் பக்கம் இன்னொரு ஓட்ட போடுங்க. காத்து உள்ள போனாத்தான எண்ண எறங்கும்?"

சொன்னவளின், கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஏங்க."

"இன்னா?"

"அங்க நீங்க மூடியத் தெறந்தப்ப ஸ்ஸுனு ஒரு சத்தம் வந்துதே. அது இன்னா?"

"அது எப்பவும் வர்றதுதான். நிக்கும்போதெல்லாம் வருது."

"பெட்ரோல் எறங்குனா, அந்த எடத்துக்குக் காத்து எப்டிப் போவும்?"

"மூடில கடுகாட்டம் ஒரு ஓட்ட இருக்குது இல்ல? அது வழியா."

"மூடில எங்க?"

"நடுவுல" என்றேன்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் கல்யாணத்தில்கூட நாங்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

இரண்டு பேரும் கிணற்றடிக்கு ஓடினோம். உளுந்து வடை அளவுப் பொட்டு, காலையில் வைத்த குங்குமத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மூன்று மெக்கானிக்குகள் அந்த வண்டியில் கழற்றாத திருகு இல்லை. நானும் கழற்றாத திருகு இல்லை. ஆனால் பொட்டை ஒருத்தரும் தொடவில்லை. காசி ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஸ்பேனரையே எடுத்தான். மங்களமாக வைத்த பொட்டை எவன் அழிப்பான்?

"நானே மூச்ச அடைச்சிப்புட்டேனா?" என்றாள் கஸ்தூரி. கண் கலங்கிவிட்டது. "வெள்ளிக்கு வெள்ளி வேண்டிகினு வேண்டிகினு நானே..."

"அட, வுடு. சொரண்டி எடுத்துடலாம்" என்று கத்தியைத் தேடினேன்.

"தொடாதீங்க! பொட்ட அழிக்கறதா? அதுவும் இன்னிக்கா? வண்டி வூட்ட வுட்டுப் போவுமோன்னு நிக்கற நாள்ல?"

அவள் கை பொட்டுக்கு மேல் போயிற்று, திரும்பிற்று. மறுபடி போயிற்று, திரும்பிற்று. நேரமும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். இன்னும் பிரிக்காத புதுத் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினாள். தண்ணீரில் அலசினாள். பொட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, மூக்குத்திக்காரப் பத்தர் மூக்குக் குத்துகிற பதத்தில், நேராக நடுவில் வைத்து மெதுவாகத் திருகினாள்.

'ஸ்ஸ்ஸ்.'

அந்தப் பெருமூச்சில் என் மேல்துண்டு பறந்து போய்க் கிணற்றில் விழுந்தது. சரி, விழவில்லை, கொஞ்சம் ஆடிற்று. வண்டி மூச்சு விட்டது நிஜம். பொட்டு அழியவில்லை, அதற்குள் ஒரு வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே பருப்பு பொங்கியது.

ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்த திரௌபதியிடம் கஸ்தூரி எண்ணெய் டின்னிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் நடுநடுவே இரண்டு இடி, ஒரு மின்னல் சேர்த்தேன்.

"தொடப்பக் குச்சியால?" என்றாள் திரௌபதி.

"ஆமா."

"அம்மா, இது காத்தழுத்தம். மூடி அடைச்சிருந்தா உள்ள இருக்கற காத்து அடி அண்ணாமலை தூரம் வரைக்கும்தான் தாங்கும். எட்டாங்கிளாஸ் பாடம். நான் வருஷா வருஷம் டம்ளரைக் கவுத்து நடத்தற பாடம்."

"அப்ப உனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கணுமே" என்றாள் கஸ்தூரி, குத்தலே இல்லாமல், வெள்ளந்தியாக.

எங்கள் வீட்டுச் சயின்ஸ் டீச்சர் கிணற்றடிக்குப் போய் மூடியை உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். "அதனாலதான் நின்னுச்சின்னு எப்டி நிச்சயமா சொல்றது? வேற காரணமும் இருக்கலாம். இதுக்கு முன்னாடியும் நைனா ஒவ்வொரு தடவையும் சரியாய்ட்டுதுன்னுதான் சொன்னாரு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

"ஒப்பந்தம் உங்க நைனாகிட்ட பண்ண. என்கிட்ட பண்ணல" என்றாள் கஸ்தூரி. "மணி ரெண்டுதான் ஆவுது. நீயே பின்னாடி ஏறி உக்காரு. போய்ட்டு வந்து சொல்லு. நின்னுச்சின்னு நீ சொன்னா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். மண்டிக்காரர நான் பாத்துக்கறேன்."

திரௌபதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பள்ளிக்கூடம் போகிற வயசுக்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அன்றைக்கு முன்னால் டாங்கின் மேல் உட்கார்ந்து வந்தவள், இன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளைக் குறடு மாதிரி பிடித்தாள்.

டாங்கை மறுபடி கழுத்து வரை நிரப்பச் சொன்னாள். "காலைல எப்படியோ அப்படியே இருக்கணும்" என்றாள். அப்படியே செய்தேன்.

செங்கம் ரோடு. திருப்பம். புளிய மரங்கள். அடி அண்ணாமலை. டீக்கடை வாசலில் தங்கம்மாள் கையில் தேங்காயோடு தயாராக நின்றாள். ஐம்பது அடி. முப்பது அடி. தோளில் இருந்த பிடி எலும்பைத் தொட்டது.

இருமல் இல்லை. விக்கல் இல்லை.

"ஏ, இன்னாய்யா, நிக்காம போற!" என்ற தங்கம்மாளின் குரல் பின்னால் போயிற்று.

நான் திரும்பிப் பார்த்து மீசையை முறுக்கப் போனேன். "நைனா, ரோட்டப் பாருங்க" என்றாள் மகள்.

சுற்று முடிந்து தெருமுனை வந்ததும் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாதீங்க" என்றாள் திரௌபதி.

"ஏம்மா? அதான் வந்துட்டமே?"

"ஒரு தடவ தற்செயலா நடக்கும். ஒரு சோதனைய மூணு தடவ செஞ்சாத்தான் முடிவு எழுதலாம். எங்க பிள்ளைங்களுக்கு அப்டித்தான் சொல்லிக் குடுக்கறேன்."

இரண்டாவது சுற்றில் தங்கம்மாள் ரோட்டோரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "சாமி மேல கோவமாப்பா அதுக்கு?" என்று கேட்டாள். மூன்றாவது சுற்றில் அவள் மனம் மாறிவிட்டது. ஓடுகிற வண்டிக்கு முன்னால் தேங்காயைப் போட்டு உடைத்தாள். ஒரு சில்லு என் மடியில் வந்து விழுந்தது. மென்றுகொண்டே ஓட்டினேன். தோளைப் பிடித்திருந்த கை எப்போது தளர்ந்தது என்று தெரியவில்லை. பின்னால் யாரோ மெதுவாகப் பாட்டு முணுமுணுத்த மாதிரி இருந்தது. கேட்டால் இல்லை என்பாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலுக்கு வந்தோம். மண்டிக்காரர் ராஜேந்திரனின் வேன் நின்றிருந்தது. வண்டியை ஏற்றப் பலகையும் கயிறும் தயாராக இறக்கி வைத்திருந்தார்கள். அவர் முறுக்கைக் கடித்தபடி நாற்காலியில் இருந்தார். கஸ்தூரி காலி டம்ளரோடு கதவோரம் நின்றாள். மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"இன்னா டீச்சர்" என்றார் ராஜேந்திரன். "வழியில எங்கயோ நிக்குதுன்னு சொன்னீங்களே, இன்னிக்கும் நின்னுச்சா?"

"காலைல நின்னுதுங்க. இப்ப நிக்கல. மூணு சுத்து." திரௌபதி இறங்கி முந்தானையைச் சரிசெய்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி குடுக்கறதுக்கில்ல."

அவர் நல்ல மனிதர். பலகையைத் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டு, போகும்போது மூடியின் பொட்டைக் குனிந்து பார்த்தார். "இன்னாத்துக்கு நடுவுல ஓட்ட?" என்றார். நான் வாயைத் திறந்தேன். கஸ்தூரி என் காலை மிதித்தாள்.

"வெள்ளிக்கெழம காலைல கெளம்பலாமா?" என்றாள், வேன் தெருவைத் தாண்டியதும். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் கேட்டதில்லை.

"அம்மா, சித்தி இன்னும் அதே சொரங்கத்து லைன் வூட்லதான் இருக்காங்களா?" என்றாள் திரௌபதி.

கஸ்தூரி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் வீடு மாறியிருக்கலாம். மனசும் மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் தெரியாது.

திரௌபதி உள்ளே போய் ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து, பழைய விலாசத்தையே எழுதினாள். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்று படித்தேன்.

"அன்புள்ள சித்திக்கு, வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவும் நைனாவும் வண்டியிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சத்தம் தெரு முனையிலேயே கேட்கும், வாசலுக்கு வாருங்கள். வந்ததும் நைனா ஒரு துடைப்பக் குச்சிக் கதை சொல்லுவார். மயில், சிங்கம், இடி, மின்னல் எல்லாம் அவர் சேர்த்தது, அதை விட்டுவிடுங்கள். ஆனால் அம்மா அந்த வண்டிக்கு மூச்சு வரவழைத்ததும், அது மலையை மூன்று முறை நிற்காமல் சுற்றியதும் நடந்தது. நானும் நம்பவில்லை சித்தி. நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்."